கோதுமையை விட்டும் வயிறு அடங்கவில்லையா? – கேள்வி பதில்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று குடலில் பயொப்ஸி (சதை எடுத்துப் பரிசோதிப்பது) எடுத்துச் சொன்னபோது அவளுக்கு 12 வயது. கோதுமை, வாற்கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடல் எதிர்க்கப் போய், சிறுகுடல் புண்ணாகிற நோய் அது. இப்போது கல்யாணமாகிக் கல்லடியில் இருக்கிறாள். நான் டொக்டர் இல்லை, மருந்துக் கலவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவளுக்காகத் தேடிப் படித்ததையும், கிளினிக் வாசலில் காத்திருந்து கேட்டுத் தெரிந்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

செங்கலடியிலிருந்து: ஒரு வருடமாகக் கோதுமையைத் தொடவில்லை அண்ணன். முதல் ஆறு மாதம் நல்ல சுகம். இப்போது திரும்பவும் வயிறு ஊதுகிறது, வயிற்றோட்டமும் வருகிறது. பாண், ரொட்டி, கொத்து எதுவும் இல்லை. இடியப்பமும் பிட்டும்தான்.

இடியப்பம் வீட்டிலா, கடையிலா தங்கச்சி? கடை என்றால் முதலில் அதைப் பிடியுங்கள். கடையில் போய் "இது அரிசிமாவா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை, அரிசிமா இருக்கத்தான் செய்யும். "கோதுமை மா கொஞ்சமும் கலக்கவில்லையா?" என்று கேளுங்கள். இடியப்பம் வெள்ளையாக, மெத்தென்று வர அவித்த கோதுமை மா சேர்ப்பது நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலை. பிட்டுக்கும் அப்படித்தான். கடைக் குரக்கன் மாவிலும் கலப்பு உண்டு.

வீட்டில் செய்கிறோம் என்கிறவர்களுக்கும் ஒரு கதை. இரண்டு வருடத்துக்கு முன் மகளுக்கு இதே மாதிரி வந்தது. பானை, அகப்பை, அரிதட்டு எல்லாம் புதிதாக வாங்கிப் பார்த்தோம், குறையவில்லை. கடைசியில் ஒருநாள் மில்லில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் அரிசிக்கு முன்னால் யாரோ வறுத்த கோதுமை அரைத்துக்கொண்டு போனார்கள். அதே கல், அதே புனல். இப்போது வீட்டிலேயே கிரைண்டரில் அரைக்கிறோம்.

இவ்வளவு கொஞ்சத்துக்கா என்று கேட்பீர்கள். ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் உள்ளவருக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் போனாலே குடல் புண்ணாகலாம், அதாவது ஒரு துண்டின் நாற்பதில் ஒரு பங்கு. அதனால்தான் 'குளூட்டன் இல்லை' என்று போட்டு விற்கிற சாமானில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச அளவில் வரையறுத்திருக்கிறார்கள்.

இன்னும் பார்க்க வேண்டியவை: கூட்டுப் பெருங்காயத்தூள் (கோதுமை மா சேர்த்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்), பிரைட் ரைஸில் ஊற்றுகிற சோயா சோஸ், வாற்கோதுமையில் செய்கிற மோல்ட் பானம், சோயாமீற். றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த பருப்பு வடையும் கூடாது.

மண்டூரிலிருந்து: கோதுமை மாவை நன்றாக அவித்து அரித்தால் குளூட்டன் போய்விடும் என்று மாமி சொல்கிறார்.

போகாது. அவித்தாலும் வறுத்தாலும் சுட்டாலும் அப்படியேதான் இருக்கும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: தெரிந்து நான்கு மாதம். எல்லாம் கவனமாகத்தான் இருக்கிறேன். ஆனால் காலையில் தேத்தண்ணி குடித்து ஒரு மணித்தியாலத்தில் வயிறு இரைந்து, ஓட வேண்டி வருகிறது.

பால்மா போட்ட தேத்தண்ணிதானே? பாலில் உள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கிற நொதி, சிறுகுடல் உட்சுவரில் இருக்கிற விரல் மாதிரியான முளைகளின் நுனியில்தான் சுரக்கிறது. சீலியாக்கில் முதலில் தேய்ந்து போவது அந்த முளைகள்தான். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லக்டோஸ். இரண்டு மூன்று கிழமைக்குப் பிளேன்டீ மட்டும் குடித்துப் பாருங்கள். அடங்கினால் காரணம் தெரிந்துவிடும். குடல் ஆற ஆற இது பெரும்பாலும் சரியாகும், ஆனால் பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருடம்கூட எடுக்கலாம். அதுவரைக்கும் நம்ம ஊர் எருமைத் தயிரைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். உறையும்போது லக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

வாழைச்சேனையிலிருந்து: கடைச் சாப்பாடே இல்லை. இரத்தப் பரிசோதனையும் நல்லம். ஆனாலும் பின்னேரமானால் வயிறு மேளம் மாதிரி. இனி எதைத்தான் விடுவது?

ஐயா, விட்டதை எழுதியிருக்கிறீர்கள், பாணுக்குப் பதிலாக என்ன சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை. கேட்கிற எல்லாரும் அப்படித்தான். நான் ஊகிக்கிறேன்: மூன்று வேளையும் பருப்பு, பின்னேரம் அவித்த கடலை, நொறுக்குக்குக் கஜு. இவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகள் புளிக்க வைத்து வாயுவாக்குகிற மாச்சத்து இருக்கிறது. வெங்காயம், உள்ளி, பலாப்பழம், வத்தகப்பழம் எல்லாம் அந்த வகைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். கஜுவையும் கடலையையும் இரண்டு கிழமை நிறுத்துங்கள், பருப்பைப் பாதியாக்குங்கள். உள்ளி வாசம் வேண்டுமென்றால் முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிடுங்கள். தொந்தரவு தருகிற சத்து எண்ணெயில் கரையாது.

அக்கரைப்பற்றிலிருந்து: வயது 58. ஆறு வருடமாகக் குளூட்டன் இல்லை. மூன்று மாதமாகத் தண்ணியாகப் போகிறது, இரவிலும் எழும்ப வேண்டியிருக்கிறது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குளுசை தொடங்கி நாலு மாதம்.

நானா, மெட்ஃபோமினுக்கு வயிற்றோட்டம் தெரிந்த பக்க விளைவு. மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றினால் பலருக்குக் குறையும். நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் சொல்லி மாற்றுங்கள். ஆனால் இரவில் எழுப்புகிற வயிற்றோட்டத்தைக் குளுசையின் தலையில் மட்டும் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. பெருங்குடலில் ஒருவகை அழற்சி உண்டு. கமரா விட்டுப் பார்த்தால் குடல் சாதாரணமாகத் தெரியும், சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் பிடிபடும். சீலியாக் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். கணையம் போதிய நொதி சுரக்காமலும் இப்படிப் போகலாம். மெலிந்துபோனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

திருக்கோவிலிலிருந்து: எனக்கு மறுபக்கம். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது.

வெள்ளரிசி மா இடியப்பம், வெள்ளைச்சோறு, இரும்புச்சத்துக் குளுசை. சரியா? நார்ச்சத்து குறைந்து, இரும்பும் சேர்ந்தால் இறுகத்தான் செய்யும். சிவப்பரிசி, முருங்கையிலை, வல்லாரைக்கு மாறுங்கள், தண்ணியும் கூட்டிக் குடியுங்கள்.

காரைதீவிலிருந்து: நானாகத்தான் கோதுமையை விட்டேன், டெஸ்ட் எதுவும் செய்யவில்லை. இப்போது செய்யலாமா?

இப்போது செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம், தம்பி. உடல் எதிர்த்துச் சண்டை போட அங்கே குளூட்டன் இல்லையே. வைத்தியர் சொல்கிற அளவில் சில கிழமை திரும்பக் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் செய்வார்கள். வேறு வழி, மரபணுப் பரிசோதனை. அதற்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. சீலியாக்கோடு தொடர்புள்ள மரபணு இல்லை என்று வந்தால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதி. இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, நோயே வராத ஏராளம் பேரிடமும் அது உண்டு. உங்களுக்குச் சீலியாக்கே இல்லாமல் இருக்கவும் கூடும், அப்படியென்றால் இவ்வளவு நாள் தேடியது பிழையான இடத்தில்.

தாண்டவன்வெளியிலிருந்து: பூசையில் நற்கருணை அப்பம்?

கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை இரசத்தை மட்டும் பெறுவதற்கும் திருச்சபையில் அனுமதி இருக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கதையுங்கள்.

வெல்லாவெளியிலிருந்து: வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கியது. ஏப்பத்தில் கெட்ட முட்டை நாற்றம், நுரை நுரையாகப் போகிறது. எதில் குளூட்டன் பட்டதென்று தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

தேடுவதை விடுங்கள், கிணற்றைப் பாருங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வெள்ளத்தோடு கிணற்றில் இறங்கியிருந்தால் இதே குணம்தான் காட்டும். சிறுகுடல் முளைகளையும் கெடுத்து, சீலியாக் திரும்பிவிட்டது போலவே நடிக்கும். மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், ஒருதரத்தில் தெரியாவிட்டால் திரும்பவும் செய்ய வேண்டும். கண்டுபிடித்தால் குளுசையில் மாறிவிடும். கிணற்றை இறைத்துக் குளோரின் போட, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும் வீட்டில் எல்லாருக்கும் கொதித்தாறிய தண்ணிதான்.