கொங்மின் மன்னர்: கேள்வி பதில்

கொரியாவின் கோரியோ அரசை 1351 முதல் 1374 வரை ஆண்ட கொங்மின் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஐயா, சீனாவை ஆண்ட மங்கோலியர்களின் யுவான் அரண்மனையில் வளர்ந்து மங்கோலிய இளவரசியை மணந்தவர், அவர்களையே எதிர்த்தது எப்படி?

அங்கே வளர்ந்ததால்தான். 1341இல் பிணையாகப் போனவர், யுவான் பேரரசு ஆட்டம் காண்பதைக் கண்ணாரப் பார்த்தார். 1356இல், யுவான் பேரரசி கியின் அண்ணனும் கோரியோவில் யுவான் பலத்தில் அதிகாரம் செலுத்தியவருமான கி சொல் என்பவரை விருந்துக்கென்று அழைத்துக் கொன்றார். அதே ஆண்டு, சுமார் நூறாண்டுகளாக யுவான் வசமிருந்த வடகிழக்குச் சங்சோங் பகுதியை மீட்டார். உள்ளிருந்து உதவிய யி ஜாசுனின் மகன் யி சொங்கியேதான் 1392இல் கோரியோவுக்கு முடிவு கட்டினார்.

கேள்வி: மனைவி இறந்த துக்கத்தில்தான் ஆட்சி சரிந்ததா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நோகுக் இளவரசி பிரசவத்தில் இறந்தது 1365இல். அடித்தளம் அதற்கு முன்பே இற்றுவிட்டது. 1361இல், சீனாவில் யுவானை எதிர்த்துக் கிளம்பிய செந்தலைப்பாகைக் கலகப்படை தலைநகர் கெக்யோங்கைப் பிடித்தது; மன்னர் தெற்கே ஆந்தோங்குக்கு ஓடினார். மறு ஆண்டு தலைநகரை மீட்டுத் தந்த தளபதி ஜொங் செஉனை, மன்னரின் நம்பிக்கைக்குரிய கிம் யொங் போலி ஆணை ஒன்றால் சக தளபதிகளைக் கொண்டே கொல்லவைத்தார். பிறகு அந்தத் தளபதிகளும் கொல்லப்பட்டார்கள். வென்று தந்தவர்களை இழந்த மன்னருக்கு யார் துணை? 1363இல் அதே கிம் யொங், ஹுங்வாங் மடாலயத்தில் மன்னரையே கொல்ல ஆளனுப்பினார். மன்னரின் சாயல் கொண்ட ஆன் தோச்சி என்ற அரண்மனை அலி அவர் படுக்கையில் படுத்து உயிரைக் கொடுத்தார். மன்னர் ஒளிந்திருந்த அறையின் வாசலில் நோகுக் உட்கார்ந்து வழிமறித்தார்.

கேள்வி: சின் தொன் என்ற துறவி உண்மையில் என்ன செய்தார்?

கொங்மின் தந்த அதிகாரத்தில், 1366இல் நில, அடிமை வழக்குகளுக்கென ஓர் அலுவலகம் திறந்தார். பெருங்குடும்பங்கள் பறித்த நிலத்தையும், அடிமையாக்கிய குடியானவர்களையும் தலைநகரில் 15 நாளுக்குள், வெளியூரில் 40 நாளுக்குள் தாமே விடுவித்தால் தண்டனையில்லை என்று கெடு வைத்தார். நல்ல திட்டம்தான். ஆனால் அவருக்குக் குலமும் இல்லை, படையும் இல்லை. மன்னரின் தயவு ஒன்றே பலம். தயவு போனதும் 1371இல் சுவோனுக்கு நாடுகடத்திக் கொன்றார்கள்.

கேள்வி: அடுத்த மன்னர் உ, சின் தொன்னின் மகனாமே?

கோரியோவின் வரலாற்று நூலான 'கோரியோசா' அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த வரலாற்றை 1451இல் முடித்தது, மன்னர் உவையும் அவர் மகனையும் அரியணையிலிருந்து இறக்கிய யி சொங்கியே தரப்பின் அரசு. அந்தச் சாட்சியை அப்படியே ஏற்க முடியாது.

கேள்வி: 1374இல் கொல்லப்பட்டபோது காக்க யாருமே இல்லையா?

கொன்றதே கூட இருந்தவர்கள்: அலி சொயே மான்செங்கும் மெய்க்காவல் இளைஞன் ஹோங் ரியுனும். சீனாவில் யுவானை விரட்டிய மிங் அரசு, கோரியோவின் ஜேஜு தீவிலிருந்து 2,000 குதிரை கேட்க, அங்கிருந்த மங்கோலிய மேய்ப்பர்கள் தர மறுத்துக் கிளர்ந்தார்கள். அவர்களை அடக்க 314 கப்பல்களோடு தளபதி சொயே யோங் போயிருந்தார். அவர் படை திரும்புவதற்குள் கொலை முடிந்து, பத்து வயது உ அரியணையில் இருந்தார்.