சிலை போனால் வரலாறு போய்விடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொது இடங்களில் நிற்கும் பழைய சிலைகளை அகற்றுவதை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. கொடுமை செய்தவர்களும் வரலாற்றில் இருந்தவர்கள்தானே? அவர்களின் சிலைகளை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதைக் காட்டுவோம்? பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தால் போதாதா? ஒன்றை எடுக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீல் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல் மக்களைத் தூக்கிலிட்ட படை அதிகாரி ஜேம்ஸ் நீல். அவ்வாண்டே லக்னோவில் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கே நின்றது. அந்த வழியாகப் போனவர்களில் எத்தனை பேருக்கு அலகாபாத்தின் தூக்குமரங்களைப் பற்றி அது சொல்லியிருக்கும்? அது காட்டியது ஒரு வீரனை மட்டுமே.

1927இல் விடுதலைப் போராட்டக்காரர் சோமயாஜுலு போன்றவர்கள் சிலையை அகற்றச் சொல்லிப் போராடியபோதுதான் நீல் செய்த கொடுமைகள் தெருவில் பேசப்பட்டன. கடலூர் அஞ்சலை அம்மாள் அதற்காகச் சிறை சென்றார். வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு காந்தியும் போராட்டத்தை ஆதரித்தார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு, சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. நீலின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதற்குப் பெரும் காரணம் அந்தப் போராட்டம். சிலையை அகற்றச் சொன்னவர்களே அந்த வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

விளக்கப் பலகை நல்ல யோசனைதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அதையும் முயன்று பார்த்தார்கள். அடிமை வணிகத்தில் பொருள் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டன் 1721இல் இறந்தார். அவருக்குச் சிலை வைத்தது 1895இல். பீடத்தில் அவரை அறமும் அறிவும் மிக்க நகரின் மைந்தர் என்று பொறித்திருந்தார்கள். கடத்திவரப்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பற்றி இன்னொரு பலகையில் எழுதலாம் என்று முடிவானபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. பலகை வரவே இல்லை. 2020 ஜூனில் மக்கள் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். பிறகு மீட்கப்பட்டு, போராட்டக்காரர்கள் மேலே பூசிய சாயம் அழிக்கப்படாமல், அருங்காட்சியகத்தில் படுத்த நிலையில் வைக்கப்பட்டது. அங்கே அதைப் பார்ப்பவருக்கு அடிமை வணிகமும் தெரியும், 1895இன் பெருமிதமும் தெரியும், 2020இன் கோபமும் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்ற உங்கள் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறையில்லாத மனிதருக்கு மட்டுமே சிலை என்றால் ஒரு பீடமும் மிஞ்சாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தச் செயலைப் போற்ற அந்தச் சிலை வைக்கப்பட்டது? நீல் சிலை போற்றியது 1857இல் அவர் நடத்திய அந்தப் படை நடவடிக்கையையே. அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் 1924இல் வைக்கப்பட்ட ராபர்ட் லீ சிலை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தளபதியை அந்தத் தளபதிக் கோலத்திலேயே குதிரைமேல் ஏற்றியிருந்தது. பெரும் நன்மை செய்த ஒருவர் வேறு விஷயத்தில் பிழையான கருத்து கொண்டிருந்தார் என்பது தனிக் கதை. அங்கே உங்கள் விளக்கப் பலகையே போதும், நானும் அதையே கேட்பேன்.

இரவில் யாரோ வந்து உடைத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. பிரிஸ்டலின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் விரும்புவது 1937இன் வழியை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் பேசி, காரணத்தைப் பதிவு செய்து, பகலில், எல்லோரும் பார்க்க இறக்க வேண்டும். சிலை போன இடத்துக்கே அந்தப் பதிவும் போக வேண்டும். வைத்தவர் யார், எடுக்கச் சொன்னவர் யார் என்பது இரண்டும் அருகருகே படிக்கக் கிடைக்க வேண்டும்.