ஃபின்னிஷில் மோனைக்கு என்ன பெயர்? கேள்வி பதில்

கேள்வி: ஃபின்னிஷ் படிக்கிறேன். கவிதை பற்றிப் பேச அடிப்படைச் சொற்கள் நாலைந்து வேண்டும்.

பதில்: கவிதை 'ருனோ'. ஒரு வரி 'ஸாஎ', வரிகள் சேர்ந்த கண்ணி 'ஸாகெய்ஸ்தோ', அசை 'தவு'. ஃபின்லாந்தின் தேசியக் காப்பியமான கலேவலாவின் ஒவ்வொரு படலத்துக்கும் ருனோ என்றுதான் பெயர். 1849 பதிப்பில் 50 ருனோ, 22,795 வரிகள். மோனை 'அல்குஸொய்ந்து', இயைபு (வரிக்கடைசி ஒலி ஒத்து வருவது) 'லொப்புஸொய்ந்து'. அல்கு தொடக்கம், லொப்பு முடிவு; மீதி உங்களுக்கே புரியும்.

கேள்வி: கலேவலாவில் இயைபைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். அப்புறம் அது எப்படிப் பாட்டு?

பதில்: தேடும் இடம்தான் தப்பு. வரிக்கடைசி அங்கங்கே ஒத்து வந்தாலும் அது பெரும்பாலும் விகுதி ஒற்றுமை. ஃபின்னிஷில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும்; அதனால் காதுக்கு முதலில் எட்டுவது மோனை. 'வக வன்ஹ வைனாமொய்னென்' என்று அடிக்கடி வரும், நிதானமான கிழவர் வைனாமொய்னென் என்று பொருள். எண்ணிப் பாருங்கள், எட்டு அசை. வக, வன்ஹ இரண்டிலும் மெய்யும் உயிரும் ஒன்று. அது 'வஹ்வா', வலிய மோனை. மூன்றாவது சொல்லில் மெய் மட்டும் ஒத்து உயிர் மாறுகிறது. அது 'ஹெய்க்கோ', மெலிந்தது. உயிரில் தொடங்கும் சொற்களுக்கு எந்த உயிரானாலும் மெலிந்த மோனை உண்டு. நம் மோனை இனத்தோடு (ஒன்றுக்கொன்று மோனையாக வரும் எழுத்துக் கூட்டம்) ஒப்பிட்டால் ரொம்பத் தாராளம்!

இன்னொன்று 'கெர்தோ': ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு சொற்களில் சொல்லும். காப்பியத்தின் முதல் இரண்டு வரிகளே அப்படித்தான்: மனம் விரும்புகிறது, மூளை நினைக்கிறது.

கேள்வி: அப்படியானால் இயைபு எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பாலும் வெளியிலிருந்து. சர்ச்சுப் பாட்டுகளும் ஸ்வீடிஷ் பாட்டுகளும் கொண்டுவந்தவை. பிற்கால நாட்டுப்பாடலான 'ரெகிலவுலு' முழுக்க இயைபில் நடக்கும்.

கேள்வி: ஒரு வரியை 'தலொஸ்ஸா' (வீட்டில்) என்றும் அடுத்ததை 'க்யூலாஸ்ஸா' (ஊரில்) என்றும் முடித்தேன். இயைபே இல்லை என்கிறார் ஆசிரியர்.

பதில்: அவர் சொல்வது சரி. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும், காதில் வேறு. 'க்யூலா'வின் கடைசி உயிர் கிரிக்கெட் 'பேட்'டில் வரும் ஒலி. வேற்றுமை உருபும் அதற்கேற்ப மாறிவிடும். சரி, உருபு ஒத்தாலும் போதாது, அது மலிவு இயைபு. 'தலொஸ்ஸா'வுக்கு 'ஸலொஸ்ஸா' (அடர்காட்டில்) போடுங்கள், அடிச்சொல்லும் சேர்ந்து ஒலிக்கும்.

கேள்வி: ரீமி, ரீமு இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ரீமி என்றால் இயைபு; ராப் பாடுகிறவர்கள் வாயில் எப்போதும் இருக்கும் சொல். ரீமு பழைய வட ஐரோப்பியக் கல்வெட்டு எழுத்து. குதிரைக்குத் தலையில் மாட்டும் கயிறும் ரீமுதான், ஆகவே ராப்பரிடம் "உங்கள் ரீமு அருமை" என்று சொல்லிவைக்காதீர்கள்.

கேள்வி: கலேவலா தமிழில் கிடைக்குமா?

பதில்: உண்டு. ஈழத்து எழுத்தாளர் உதயணன் (ஆர். சிவலிங்கம்) மொழிபெயர்ப்பு, 1994.