சிட்மவுத் குடில் வீட்டில் சுவர் ஈரம்: ஊசி மருந்து வேண்டாம்

வணக்கம். 1820 வாக்கில் கட்டிய வீடு, இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துச் சிட்மவுத் ஊரில், வைக்கோல் கூரை, மண் சுவர், கீழ் மூன்றடிக்குப் பூச்சு உதிர்கிறது, ஒப்பந்தக்காரர் ஈரத்தடுப்பு ஊசி (சுவரில் துளையிட்டு ஈரம் ஏறாமல் இரசாயனம் செலுத்துவது) போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசி அவசியமில்லை. மண் சுவரில் அது சீராகப் பரவவும் செய்யாது.

வெளிப்பூச்சைத் தட்டிப் பாருங்கள். கடினமாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் சிமெண்ட். விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மண் ஊறினால் சுவர் சரியவே கூடும். அதனால் உரிப்பதற்கு முன் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். பிறகு சிறு சிறு பகுதியாக உரியுங்கள். மறுபூச்சுக்குச் சுண்ணாம்பு 1, கூர்மணல் (சொரசொரப்பான மணல்) 3, கொஞ்சம் விலங்கு முடி. ஒரு பூச்சு 10 மி.மீ. போதும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்களில் கை வைக்காதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது.

வைக்கோல் கூரைக்கு மழைநீரை ஏந்தும் தகரக் குழாய் கிடையாது. இறவாணத்து (கூரை விளிம்பு) நீர் நேரே தரையில் விழுந்து சுவரில் தெறிக்கிறது. அடிவாரத்தில் மண் உயர்ந்திருந்தால் வெட்டி இறக்கி, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

தாழ்வாரத்தின் பட்டையுள்ள மரத்தூண்களையும் கவனியுங்கள், அழகுக்கு வைத்தவை, அடியில்தான் அழுகும். மாற்றினால் குளிர்காலத்தில் வெட்டிய மரம் வாங்குங்கள், பட்டை எளிதில் கழலாது. கல் மேல் நிறுத்துங்கள்.

வீடு பழமையான கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் முதலில் உள்ளூர் மன்றத்தின் அனுமதி. இல்லாமல் செய்வது குற்றம்.