68 வயது அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறார். எடைப் பயிற்சிக்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஜிம் பேச்சையே எடுக்காதீர்கள். ‘இந்த வயசில் எதற்கு?’ என்பார். 1990இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை இரு மடங்குக்கு மேல் கூடியது. ஆனால் அப்பாக்கள் ஆய்வுக்கெல்லாம் மசிவதில்லை.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அவருக்கே உறைக்கும். முதல் பயிற்சியும் அதுதான்: சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, 8 முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும். வாரம் 2 நாள் போதும். சுலபமானதும் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், நீங்கள் சொன்னால் கேட்காதவர் பேரன் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணினால் செய்வார்.