எஸ்டேட் ஊர்ச் சுவரோவியப் போட்டி: எல்லாரும் பால்மரம் வெட்டும் பெண்ணையே வரைகிறார்கள், நாங்கள் எதை வரைவது?

நீங்கள் கேட்டது இது: ஊரில் "நம் ஊர், நம் அடையாளம்" என்ற தலைப்பில் சுவரோவியப் போட்டி. ஒரு குழுவுக்கு ஒரு சுவர். முன்பு ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர், இப்போது எங்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை). எல்லாக் குழுவும் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பெண்ணைத்தான் வரையப் போகிறது, வித்தியாசமாக என்ன வரையலாம்?

வேறு எதையும் தேடாதீர்கள். பால்மரம் வெட்டும் பெண்ணையே வரையுங்கள். சரியாக வரையுங்கள், அது போதும். வித்தியாசம் தானாக வந்துவிடும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படிப்பட்ட போட்டிகளில் இளைஞர் குழுக்களோடு நின்றிருக்கிறேன், நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான குழுக்கள் இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி, கட்டம் போட்டு, பெரிதாக்கிச் சுவரில் ஏற்றிவிடுகின்றன. பளிச்சென்ற சேலை, தலையில் பூ, சிரித்த முகம், பக்கத்தில் ஒரு மரம். அந்த மரத்தில் வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மரத்துக்கு நேரே நின்று பார்த்தால், வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேராக நிற்பதில்லை. வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து மேலேறுகின்றன. அதற்கு எதிராகச் சரித்துச் சீவினால்தான் அதிக நாளங்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வரும். அதனால் வெட்டுக்கு மேலே புதுப்பட்டை வழவழவென்று வேறு நிறத்தில் இருக்கும், கீழே பழைய பட்டை சொரசொரப்பாக இருக்கும். வெட்டின் கீழ்முனையில் ஒரு தகரத் துண்டு, அதன் கீழே கம்பி வளையத்தில் மங்கு, பால் சொட்டும் கிண்ணம். இவ்வளவையும் சரியாக வரைந்துவிட்டால், முப்பது வருடம் மரம் வெட்டிய ஒருவர் உங்கள் சுவரைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நிற்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு போட்டியில் எங்கள் பையன்கள் கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முன்பு இருந்த பெரியம்மா ஒருவர், சந்தைக்கு வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னப்பா, மரத்தை மாத்தி வெட்டிருக்கீங்க?" என்றார். ஒரு பையன் கரியை அவரிடமே நீட்டினான். அவர் சுவரில் மரத்தின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரே இழுப்பில் சரிவுக் கோட்டை இழுத்தார். அந்தக் கோட்டை நாங்கள் திருத்தவே இல்லை, அதன் மேலேயே வண்ணம் கொடுத்தோம். அப்புறம் அவரே உடுப்பையும் சொன்னார். முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்திச் சுருள். சட்டை முழுக்கப் பால் பட்டுக் காய்ந்து கறுத்த கறை. அந்தக் கறையை வரைவதா என்று பையன்கள் தயங்கினார்கள். வரையத்தான் வேண்டும் என்பது என் கட்சி. துவைத்தால் போகாத கறை அது. எங்கள் அம்மாக்களின் காட்டு உடுப்பு அப்படித்தான் இருந்தது.

வெளிச்சமும் முக்கியம். படங்களில் பகல் வெயில் அடிக்கிறது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு (பெயர் கூப்பிடுவது), இருட்டோடு காடு. பின்னணியைக் கருநீலமாக வைத்து, தலைவிளக்கின் மஞ்சள் வட்டத்தை மட்டும் மரத்தின் மேல் விழவிட்டுப் பாருங்கள். மர நிரையில் தள்ளித் தள்ளி இன்னும் சில விளக்குகள். தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் சுவர் தனியாகத் தெரியும்.

பினாங்கு மாதிரி வர வேண்டும் என்று நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள். 2012-இல் ஜார்ஜ்டவுனில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச், ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, உண்மையான சைக்கிள் ஒன்றையே அதில் பொருத்தினார். பிறகு ஈப்போவிலும் வரைந்தார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சுவரில் ஒரு சைக்கிள். அவருடைய குழந்தைகள் அந்தத் தெருவில் பார்க்கக்கூடிய குழந்தைகள், அதனால்தான் அது அங்கே பொருந்தியது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளைப் பொருத்தும் யோசனை. உங்கள் ஊரில் யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய மங்கும், தோள்கம்பில் பால் சுமந்த காண்டா வாளியும் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

பெரிய சுவர் கிடைத்தால் ஊரின் வரலாறும் வரட்டும். எங்கள் ஊரை எடுத்துக்கொண்டால், 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் வந்ததும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஊரின் பெயர் வெளியே தெரிவதே அதனால்தான். ஆனால் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகி, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளியாக (நம் நாட்டுப் பணம்) சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். நான் சுவர் கொடுக்கிறவனாக இருந்தால் அந்தப் பத்து வெள்ளிக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத தாத்தாக்கள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். அந்தக் குடும்பத்தார் சம்மதித்தால் அதையும் வரையுங்கள். பாரம்பரியம் என்றால் பொங்கல் பானையும் கோலமும் மட்டும்தானா?

ஊர் என்பது நாம் மட்டும் இல்லை. மாதக் கடைசியில் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த சீனர் கடை, பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள், இன்று செம்பனைக் குலையை இறக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் எல்லாரும் அந்தச் சுவரில் இருக்க வேண்டியவர்கள்தான்.

சாமி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாரியம்மன், முனீஸ்வரர் இல்லாமல் தோட்டம் இல்லை. ஆனாலும் நடைபாதைச் சுவரில் சாமி உருவம் வேண்டாம். கால் படும், சைக்கிள் சாத்துவார்கள், குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். காவடியை வரையுங்கள், தீமிதியை வரையுங்கள், கோபுரத்தைத் தூரத்தில் காட்டுங்கள்.

சுவர் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பாசியையும் உரிந்த வண்ணத்தையும் சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். சீலர் அடிக்காமல் வண்ணம் தொடாதீர்கள். புதுப்பூச்சுச் சுவர் என்றால் ஒரு மாதமாவது ஆறட்டும். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் மட்டும் வாங்குங்கள். சாயங்கால வெயில் விழும் சுவரில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், கருநீலப் பின்னணி அங்கேயும் கைகொடுக்கும். மதியத்துக்கு மேல் மழை வரும், காலையிலேயே பெரிய பரப்பை முடித்துவிடுங்கள்.

பழைய போட்டோவிலிருந்து ஒரு முகத்தை எடுத்தால் அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஓரத்தில் உங்கள் தோட்டத்தின் பெயரை எழுதுங்கள், குழுவின் பெயரைவிடப் பெரிதாக. சுவரின் அகல உயரம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற விவரத்தோடு ஒரு போட்டோ போட்டீர்களென்றால் எதை எங்கே வைக்கலாம் என்று கோடு போட்டே அனுப்புகிறேன்.