வாசகர் கேள்விகள்: ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு சைக்கிள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாகச் சைக்கிளில் போய், கடற்கரை வழியாக ஆறு நாளில் திரும்பியதைச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஐந்தை ஆசிரியர் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: இதற்கு ஆடி மாதம்தானா கிடைத்தது? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். தை வரை காத்திருந்தால் வீட்டில் யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். "ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம்" என்றாள் மனைவி. அம்மியைவிட நான் கனம் என்றேன். மூன்றாம் நாள் அந்தப் பதிலை நினைத்து வருந்தினேன்.

கேள்வி: ஒரே ஒரு நாளை மட்டும் விடியலிலிருந்து சொல்லுங்களேன். (தேனி வாசகி)

பதில்: அந்த மூன்றாம் நாளையே சொல்கிறேன் அம்மா. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், எண்பது கிலோமீட்டர் சொச்சம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். வெயில் ஏற ஏறத்தான் காற்றும் ஏறும். நாங்குநேரியில் நான்கு இட்லி, வள்ளியூரில் இரண்டு ஏத்தம்பழம். அதுவரை ராஜா மாதிரிதான் போனேன்.

பணகுடிப் பக்கம் போனபோது வலப்புறத்திலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தது. சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. நம்மைத் தாண்டும் லாரியும் வலப்புறம்தான் வருகிறது. அது பக்கத்தில் வந்ததும் காற்று மறைந்துவிடும். காற்றின் மேல் சாய்ந்துகொண்டிருந்தவன் லாரியின் மேல் சாயப்போவான். லாரி தாண்டிய கணம் காற்று திரும்ப அறைந்து இடப்பக்கச் சரளையில் தள்ளும். முதல் லாரியிடமிருந்து தப்பியது என் சாமர்த்தியம் அல்ல. அதற்குப் பிறகு பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே இறங்கி நின்றுகொண்டேன். கம்பத்தில் ஏறுகிறவன் பயந்தவனாக இருந்தால்தான் ஓய்வூதியம் வாங்குவான்.

காவல்கிணறில் சாலை பிரிகிறது. நேராகத் தெற்கே போனால் கன்னியாகுமரி. மேற்கே திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில். புத்தியுள்ளவன் நேராகப் போவான். வாழ்நாள் முழுவதும் மின்சாரத்துக்குக் கம்பி இழுத்தவன் அது காற்றாலைகளில் பிறக்கிற இடத்தைப் பார்க்காமல் போவதா என்று நான் திரும்பினேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் இருக்கிறது ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வழி தேடி, அந்த இடுக்கில் நுழைந்து கிழக்கே பீறிடுகிறது. காற்றாலை எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாலையின் இருபுறமும் நின்ற அத்தனை காற்றாலைகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. அதற்கு அர்த்தம் புரியாமல் இல்லை. எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். கால் என்னவோ இரண்டுதான். இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. பாதி தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

முப்பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயரில் கருவேல முள். டியூபைக் கழற்றிக் காதருகே வைத்தேன். எங்கே பஞ்சர் என்று தெரியவில்லை. ஊரே இரைகிறபோது ஊசித்துளையின் சீறல் எங்கே கேட்கும்? டிபன் மூடியில் தண்ணீர் ஊற்றினால் அதையும் காற்று வாரி என் சட்டையில் அடித்தது. பஞ்சர் ஒட்டும் உப்புத்தாள் பறந்தே போனது. கடைசியில் இசக்கியம்மன் கோயில் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், மதில் மறைவில் உட்கார்ந்து, டியூபை உதட்டோரம் மெல்ல நகர்த்தித் துளையைக் கண்டுபிடித்தேன். உப்புத்தாளுக்குப் பதில் சாலையோரக் கல். ஒட்டியது. அங்கே வண்டியை நிறுத்தி அம்மனைக் கும்பிடாமல் போகிற ஓட்டுநர்கள் குறைவு. நானும் ஓர் ஓட்டுநர்தானே, கும்பிட்டேன்.

கணவாயைத் தாண்டியதும் வேறு தேசம். பின்னால் செம்மண்ணும் பனையும். முன்னால் வயலும் தென்னையும் வாழையும், முகத்தில் சாரல். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் திருவிதாங்கூர் வழிவந்த வேறு மாநிலமாக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் நம்பினேன். நாகர்கோவில் போய்ச் சேரும்போது மணி நான்கு. காவல்கிணறிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்.

கேள்வி: எத்தனை கியர் வைத்த சைக்கிள்? (மதுரை கல்லூரி மாணவர்)

பதில்: கியரே கிடையாது தம்பி. வேலைக்குப் போய்வந்த அதே இரும்பு வண்டி. பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றுகிற 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் மாட்டினேன். மிதிப்பது இலகுவாகும், வேகம் குறையும். வேகம் யாருக்கு வேண்டும்?

கேள்வி: கொஞ்ச தூரத்திலேயே எனக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. உங்களுக்கு? (சேலம் வாசகர்)

பதில்: எனக்கும்தான். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு போகிறது. ஹேண்டில்பாரில் உடம்பைச் சாய்த்தால் அது நசுங்கும். சீட்டின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடம்பின் பாரம் கைக்குத்தான் வரும். கைப்பிடியில் பழைய டியூபைச் சுற்றுங்கள், பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். நின்ற பிறகும் மரப்பு விடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். லைன்மேன் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இரவில் எங்கே தங்கினீர்கள்? கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்தீர்களா? (விருதுநகர் வாசகி)

பதில்: பாம்புக்கும் திருடனுக்கும் நான் பயப்படவில்லை. விடுதி மேசையில் இருப்பவருக்குத்தான் என்னைப் பார்த்துப் பயம். பை ஒன்று, சைக்கிள் ஒன்று, கூட ஆள் இல்லை, உடம்பெல்லாம் புழுதி. நாகர்கோவிலில் ஒரு விடுதியில் அறை இல்லை என்றார்கள். சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த விடுதிக்காரர் என் மனைவியின் எண்ணை வாங்கி, அவளிடம் பேசிவிட்டுத்தான் சாவி கொடுத்தார். "திட்டினாரா?" என்று கேட்டேன். "சாப்பிட்டாரா என்று கேட்டார்" என்றார்.

விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். கண் விழித்தபோது எட்டு. அன்று சாலை தென்கிழக்காகப் போனது, முந்தின நாள் அறைந்த அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இருபது கிலோமீட்டரும் பெரும்பாலும் மிதிக்காமலே போனேன். சூரியன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. கடலைப் பார்த்து ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்தேன்.